மாதேஷ் வீட்டுக் கம்ப்யூட்டர்

மாதேஷ் போய்விட்டான் என்று போன் வந்தபோது நான் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு நான்கெல்லை டைப் செய்துகொண்டிருந்தேன். "காலைல நெஞ்சு வலிக்குதுன்னாராமுங்க. தருமபுரி கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க" என்றார் டீக்கடைக்காரர். "யோவ், எந்த மாதேஷுய்யா? நேத்து சாயங்காலம்தான்யா இங்க உக்காந்து டீ குடிச்சிட்டுப் போனான்!" என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தேன். கெட்ட சேதி வந்தாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. பாப்பிரெட்டிப்பட்டியில் ரிப்பேருக்கு அவன் கை படாத கம்ப்யூட்டர் எனக்குத் தெரிந்து கிடையாது.

படத்திறப்பு அன்று கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், இரண்டு பக்கம் எழுதுங்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். நான் பத்திரம் எழுதுகிறவன். இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தது என்பதைத் தாண்டி எனக்கு எழுத வராது. பதினைந்து வருடம் வாடா போடா என்று கூப்பிட்டவனை 'அவர்' என்று எழுதவும் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் என் கம்ப்யூட்டர் உயிர் பெறவே இல்லை. கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியைத் தட்டினேன், திட்டினேன், பிறகு போன் போட்டு மாதேஷைத் திட்டினேன். வந்தவன் மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தான். பின்னால் கரண்டு வயர் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் கூட்டும்போது நானே துடைப்பத்தால் இழுத்துவிட்டிருக்கிறேன். வயரை அழுத்தி மாட்டினான். பிறகு பெட்டியைத் திறந்து ராம் என்கிற மெமரி கார்டை உருவி, "அழிரப்பர் இருக்குதுங்களாண்ணா?" என்று வாங்கி, அதைக் கொண்டு ராமை நிதானமாக ஐந்து நிமிடம் தேய்த்தான். "பெரிய கோளாறுங்க. நல்லவேளை கூப்பிட்டீங்க" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உண்மையைச் சொன்னான். "ஏன்டா அங்கயே சொல்லல?" என்றேன். "பார்ட்டிங்க முன்னாடி உங்களுக்கு எதுக்குங்க அசிங்கம்?" என்றான்.

உங்களில் பலருக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கும். அவன் அடிக்கடி சொல்வது உங்களுக்கும் நினைவிருக்கும்: "மொதல்ல எல்லாத்தையும் கழட்டிடுங்க. அப்புறம் ஒண்ணொண்ணா மாட்டுங்க. எதை மாட்டுனா மறுபடி படுத்துக்குதோ, அதுதாங்க கோளாறு." பத்திரங்களை எல்லாம் பென் டிரைவில் காப்பி எடுத்து வைக்கச் சொல்லி என்னை நச்சரித்தவனும் அவன்தான்.

அவன் கல்யாணமும் நான் மனு எழுதி நடந்ததுதான். இரண்டு வீட்டாரும் வரவில்லை. அவனும் கலைவாணியும் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள், சாட்சிகளில் ஒருவனாக நானும் போட்டேன். ஆல்பம், வீடியோ எதுவும் கிடையாது. சிநேகிதன் ஒருவன் சின்ன கேமராவில் சில படங்கள் எடுத்தான். பிறகு அதே மாதிரி ஒரு கேமராவை மாதேஷும் வாங்கினான். முதல் வாடகை வீடு, முதல் பொங்கல், ஒகேனக்கல் போனது என்று அந்த வருடங்களின் படங்கள் எல்லாம் அவன் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போயின. ஒன்றைக்கூட அவன் பிரிண்ட் போட்டு வைக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கலைவாணி போன் செய்தாள். "அண்ணா, வூட்ல அந்தக் கம்ப்யூட்டரு எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க. எங்க பழைய போட்டோ பூராவும் அதுலதாங்க இருக்குது. படத்திறப்புக்கு அதுல ஒண்ணு எடுக்கலாம்னு பாத்தேன். யாரைக் கூப்பிடறதுன்னே தெரியலைங்க." கூப்பிட வேண்டிய ஆளைத்தான் முந்தின வாரம் அடக்கம் செய்திருந்தோம்.

நானே போனேன். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பழக்கத்தில் எனக்கும் நாலு வித்தை தெரியும். வயரைப் பிடுங்கிவிட்டு, பட்டனை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன். ராமைத் தேய்த்து மாட்டினேன். ஃபேன் சுற்றியது. "வந்துட்டதுங்களாண்ணா?" என்று கலைவாணி பின்னாலிருந்து கேட்டாள். கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரே வரி வந்து நின்றது. டிஸ்க் இல்லையாம். பெட்டியின் மறுபக்கத்தையும் கழற்றிப் பார்த்தேன். ஹார்டு டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. இரண்டு வயர்கள் சும்மா தொங்கின.

"ரெண்டு வருசமாவே இப்படித்தாங்க" என்றாள். "கேட்டா, பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னே சொல்லுவாரு. ஒரு தை மாசம், பெரிய முகூர்த்த நாளுங்க. அவசரமா ஓடியாந்தாரு. எதையோ கழட்டிப் பையில போட்டுக்கிட்டு, சோறுகூடத் திங்காம போயிட்டாரு."

அந்த முகூர்த்த நாள் எனக்குத் தெரியும்.

அன்று ரிஜிஸ்டர் ஆபீசில் கூட்டம் நெரிந்தது. டோக்கன் வாங்கிய பார்ட்டிகள் என் கடை வாசலில் நின்றார்கள். என் மிஷின் படுத்துவிட்டது. டிஸ்க் போய்விட்டது, புதுசு சேலத்திலிருந்துதான் வர வேண்டும், நாளைக்கு ஆகும் என்றான் மாதேஷ். "நாளைக்கு வந்து நாக்கு வழிக்கவா? என்ன பண்ணுவியோ தெரியாது, ஒரு மணி நேரத்துல எனக்கு ஓடணும்!" என்று கத்தினேன். போய்விட்டு அரை மணி நேரத்தில் ஒரு டிஸ்க்கோடு வந்தான். "ஏதுடா?" என்றேன். "இருந்துச்சுங்க ஒண்ணு" என்றான். மாட்டி, விண்டோஸ் ஏற்றத் தொடங்கினான். இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சரியா என்று திரை கேட்டது. அவன் விரல் கீபோர்டுக்கு மேலேயே நின்றது. அரை நிமிடம் இருக்கும். "என்னடா யோசனை? அமுக்குடா!" என்று சொல்லிக்கொண்டே நான் எட்டி என்டரைத் தட்டிவிட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "செரிங்க, ஆவட்டும்" என்றான். அன்று பதினோரு பத்திரம் முடித்தேன். அந்த டிஸ்க் யாருடையது என்று அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.

கலைவாணியிடம் எதுவும் சொல்லாமல் கடைக்கு வந்து என் பெட்டியைத் திறந்தேன். டிஸ்க்கின் மேல் மார்க்கரில் அவன் கையெழுத்து: 'வீட்டுப் போட்டோ'. சேலத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அழிந்ததை மீட்டுக் கொடுக்கிற பையன் மூன்று நாள் வைத்திருந்தான். "இதுமேல ரெண்டு வருசமா எழுதிட்டே இருந்திருக்கீங்க சார். ஒண்ணும் தேறாது" என்று திருப்பிக் கொடுத்தான். அவர்களுடைய கல்யாணத்தின் மேல் ஊரார் கிரயப் பத்திரங்களை எழுதி வைத்திருக்கிறேன், பாவி.

டிஸ்க் இத்தனை நாளும் என் மிஷினில்தான் இருந்தது, படங்கள் அழிந்துபோயின என்று கலைவாணியிடம் சொன்னேன். அது மட்டும்தான் சொன்னேன். அவள் அழவில்லை. ஆதார் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்ட அவன் படத்தைப் பார்த்து, "ஊர்ல எல்லாருக்கும் காப்பி எடுத்துக் குடுத்தியே! நம்ம போட்டோவ அழிக்க உனக்கு எப்படிய்யா மனசு வந்துச்சு? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்று கேட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் கொடுத்த டீயைக் குடித்தேன். சொல்ல வந்தது வாய்வரை வந்து திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு முறை அந்த வீட்டு வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

டிஸ்க்கை அவளிடமே கொடுத்துவிட்டேன், பீரோவில் வைத்திருக்கிறாள். என்னிடம் மிச்சம் இருப்பது கீபோர்டுக்கு மேலே நின்ற அவன் விரல்தான். அவனே அமுக்கியிருப்பானா, இல்லை, வேண்டாமென்று கழற்றிக்கொண்டு எழுந்திருப்பானா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்? இந்த மலர் உன் கைக்கும் வரும் கலைவாணி. நேரில் சொல்ல எனக்குத் துப்பில்லை, அதனால்தான் எழுதச் சம்மதித்தேன். அவனைத் திட்டாதே அம்மா. உங்கள் படங்களை மாதேஷ் அழிக்கவில்லை. நான்தான் அழித்தேன்.