ஒரு வாளி கிறிஸ்துமஸ்

ஊருக்கெல்லாம் கிறிஸ்துமஸ் டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி வரும். மோப்பத்துக்கு இருபத்தாறாம் தேதிதான் வரும். அதுவும் பை பையாக வரும்.

மோப்பம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. குப்பை லாரியில் கூட வேலை செய்தவர்கள் வைத்தது. இருபத்திரண்டு வருடமாக அதே தெருக்கள். கடைசித் தெரு அவர் குடியிருக்கும் தெரு. ஒரு பையைத் தூக்கி, லேசாகக் குலுக்கினாலே போதும், இன்னார் வீட்டுக் குப்பை என்று சொல்லிவிடுவார். லாரியில் இதுதான் பொழுதுபோக்கு. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இது யாருது?" என்று கேட்பார், மோப்பம் பதில் சொல்லிவிட்டுத்தான் பையை லாரியின் வாயில் போடுவார். ஒருமுறைகூடத் தப்பியதாகச் சரித்திரம் இல்லை.

மனிதன் பொய் சொல்வான், அவன் குப்பை சொல்லாது என்பது அவர் வேதம். பல் டாக்டர் வீட்டு வாசலில் ஏழு சாக்லெட் டப்பாக்கள் காலியாகக் கிடக்கும். புதுமணத் தம்பதி வீட்டில் ரொட்டி வாட்டும் கருவியின் அட்டைப்பெட்டி மூன்று; ஒன்றில் கருவியும் உள்ளேயே இருக்கும். கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி, மணிக்கணக்கில் மடித்து ஒட்டி, கண்மூடித் திறப்பதற்குள் கிழித்து எறியப்பட்ட பளபளப்புக் காகிதம் மலைமலையாக வரும். போன வருடம் ஒரு வீட்டில், சின்ன விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்த மரத்தையே அப்படியே தூக்கிப் போட்டிருந்தார்கள். உயிர் போவதற்குள் அடக்கம் செய்தது போல இருந்தது அவருக்கு.

அந்த ஆத்திரத்தில்தான் வாயைக் கொடுத்தார். அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தன் வீட்டுக் குப்பை ஒரு வாளியைத் தாண்டாது என்றார். தாண்டினால் என்ன தருவாய் என்று டிரைவர் கேட்டார். டிரைவருக்குப் பக்கத்திலிருக்கும் தன் இருக்கையைத் தருவதாகச் சொல்லிவிட்டார் மோப்பம்.

அது சாதாரண இருக்கை அல்ல. லாரியின் பின்படியில் மழையிலும் வெயிலிலும் தொங்கிய இடது முழங்கால் தேய்ந்துபோன பிறகு, மூப்பு அடிப்படையில் போன வருடம்தான் கிடைத்தது. தோற்றால், இப்போது பின்படியில் தொங்கும் நெட்டையன் முன்னால் வருவான். மோப்பம் ஒரு வருடம் மறுபடி பின்படியில் தொங்க வேண்டும். நெட்டையன் அன்றிலிருந்தே அந்த இருக்கையை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினான்.

டிசம்பர் பிறந்ததும் மோப்பம் வீட்டில் சட்டம் போட்டார். மரம் கிடையாது, பூங்காவில் வெட்டிப் போட்ட கிளை ஒன்று போதும். கேக் ஆளுக்கு இரண்டு துண்டு, எண்ணிச் சுட வேண்டும். பரிசு என்றால் கையால் செய்தது, பழுது பார்த்தது, அல்லது வீட்டிலேயே சும்மா கிடந்தது. சுற்றுவதற்குப் பழைய திரைச்சீலை.

மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதீங்கன்னு சொன்னேன். இப்ப உத்தியோகமே குடிவந்திருச்சு" என்றாள். ஆனாலும் அவர் முழங்காலுக்கு ராத்திரிதோறும் தைலம் தேய்ப்பவள் அவள்தான். பின்படி என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், பண்டிகை நன்றாகவே நடந்தது. மூலையில் மூன்று மாதமாக முடங்கிக் கிடந்த மகளின் சைக்கிளை அவர் ஓடவைத்துக் கொடுத்தார். அவள் அவருடைய இரண்டு பழைய சட்டைகளைப் பிரித்து, ஒரு நல்ல சட்டையாகத் தைத்துக் கொடுத்தாள். கைகள் மட்டும் ஒன்று நீலம், ஒன்று சாம்பல். அதைப் போட்டுக்கொண்டே கோவிலுக்குப் போய், எல்லோரும் பார்க்கும் இடமாகப் பார்த்து நின்றார்.

மதியம் மச்சினன் வந்தான், இரண்டு நாள் தங்கிப்போக. வெறுங்கையோடு அக்கா வீட்டு வாசலை மிதித்தே அறியாதவன். மோப்பம் குட்டித் தூக்கத்திலிருந்து எழுந்து பார்த்தபோது, கிளையின் அடியில் அவன் கொண்டுவந்த மூன்று பரிசுகள் பழைய திரைச்சீலையில் மூட்டைகட்டி அடக்கமாக உட்கார்ந்திருந்தன. மோப்பத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லோரும் உன்னைப் போல் திருந்திவிட்டால் உலகம் உருப்பட்டுவிடும் என்று அரைமணி நேரம் மச்சினனைப் பாராட்டினார். அவன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டான். அடக்கம் என்று நினைத்தார்.

சாயங்காலம் வாளியை எட்டிப் பார்த்தார். பாதிகூட இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு லாரி அவர் தெருவுக்குள் நுழைந்தது. அவர் வீட்டு முன்னால் டிரைவரே இறங்கிவந்து, வாளியை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். கேக் தட்டில் ஒட்டியிருந்த கருகல், கிளையிலிருந்து உதிர்ந்த இலை, கொஞ்சம் தேயிலைச் சக்கை, அவ்வளவுதான். வீட்டுக்குள் ஒளித்துவைத்திருக்கிறாயா என்று கேட்டார். உள்ளே வந்து கட்டிலுக்கடியில் பார் என்றார் மோப்பம். டிரைவர் தோல்வியை ஒப்புக்கொண்டு வண்டியில் ஏறினார். நெட்டையன் பின்படியைத் துடைக்க ஆரம்பித்தான்.

அடுத்த வீடு தையல்கார அம்மாவுடையது. தனிக்கட்டை. கிறிஸ்துமஸானாலும் கீரைத்தண்டும் வெட்டுத்துணியும்தான் அந்த வீட்டுக் குப்பை. மாவு வந்த காகிதப் பையில் போட்டுவைப்பார். இன்று தொட்டியில் அந்தப் பையின் மேல் ஒரு பெரிய கறுப்புப் பை உட்கார்ந்திருந்தது.

மோப்பம் தூக்கினார். கனமே இல்லை. குலுக்கினார். உள்ளே தெர்மாகோல் கிறீச்சிட்டது. பளபளப்புக் காகிதம் சரசரத்தது. பிறகு முடிச்சைப் பார்த்தார். இரண்டு காதும் ஒரே அளவில் நிற்க, நுனியை உள்ளே செருகிய முடிச்சு. கையுறை போட்ட கைக்குத் தோதாகப் பிடி கிடைக்கட்டும் என்று அவரே கண்டுபிடித்தது. உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

நேற்றைய தூக்கம், மூன்று மூட்டைகள், குனிந்த தலை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவர் முழங்காலுக்காக வீடே சேர்ந்து திருட்டுத்தனம் செய்திருக்கிறது.

டிரைவர் வழக்கம்போலத் தலையை நீட்டினார்.

"இது யாருது?"

தையல்கார அம்மாவுடையது என்று சொன்னால் முடிந்தது. லாரியின் வாய் திறந்தே இருக்கிறது. விழுங்கிவிட்டால் சாட்சி கிடையாது. முழங்கால் அதைத்தான் சொல்லச் சொன்னது. ஆனால், சுண்டுவிரல் கனத்துக்கு வெட்டுத்துணி போடுகிற ஒரு மனுஷி மேல் ஒரு மூட்டை தெர்மாகோலைச் சுமத்துவதா? அதைக்கூடச் சகித்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தப்பான விடை சொல்வதைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை.

"எங்க வீட்டுது" என்றார்.

டிரைவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "என்னப்பா சொல்றே?"

"முடிச்சைப் பாரு. என் பொண்டாட்டி போட்டது. உள்ள இருக்கறது மச்சினன் கொண்டாந்தது. மூணு பெட்டி."

"யோவ், பேசாம உள்ள போட்டிருந்தா எனக்குத் தெரியவா போகுது?"

"கேட்டே இல்ல? கேட்டா சொல்லணும்."

மோப்பம் பையை லாரிக்குக் கொடுத்தார். நெட்டையனைத் தோளில் தட்டி முன்னால் போகச் சொன்னார். முன்னிருக்கையில் ஸ்பிரிங் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி உட்கார் என்று புத்தியும் சொன்னார். பிறகு நல்ல காலை முதலில் வைத்து, நோகும் காலை இழுத்துக்கொண்டு பின்படியில் ஏறினார்.

காலி வாளியை எடுக்க வந்த மனைவி, முன்னால் நெட்டையனையும் பின்னால் புருஷனையும் பார்த்தாள். அடுத்த வீட்டுத் தொட்டியைப் பார்த்தாள். அவர்கள் வீட்டு ஜன்னலில் தெரிந்த மச்சினன் தலை சட்டென்று மறைந்தது.

"என்னங்க, முன்னாடி உக்காரலையா?"

"பின்னாடிதான் காத்து நல்லா வருது."

"முழங்காலு?"

மோப்பம் கம்பியைப் பிடித்துக்கொண்டார்; ஒரு கை நீலம், ஒரு கை சாம்பல். திட்டலாமா என்று யோசித்தார். தன் காலுக்காகத் திருட்டுத்தனம் செய்தவளை எந்தச் சட்டத்தில் திட்டுவது என்று தெரியவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"முழங்காலுக்கும் காத்து வேணும்ல? தைலத்தை மட்டும் கூடுதலா வாங்கி வை."

லாரி நகர்ந்தது.