தாழ்ந்த சத்தங்களுக்கு அனுமதி

என் மகள் வாங்கிய ஆம்ப்ளிஃபையர் போர்டை வடிவமைத்தவர், தாழ்ந்த சத்தங்களால் யாருக்கும் நன்மை இல்லை என்று முடிவு செய்த நல்ல மனிதர். நுழையும் இடத்திலேயே ஒரு சின்னக் கெப்பாசிட்டரைக் காவலுக்கு வைத்திருந்தார். கீச்சுச் சத்தமெல்லாம் தாராளமாக உள்ளே போகலாம். அடிவயிற்றிலிருந்து வரும் சத்தம் வாசலோடு நின்றுவிடும். ஹை-பாஸ் ஃபில்டர் என்று பெயர். என் அலுவலகத்திலும் இதே ஏற்பாடுதான், கெப்பாசிட்டர் மட்டும் கிடையாது.

கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு இது போதவில்லை. "பேஸே வரமாட்டேங்குதும்மா. டப்பாக்குள்ள பாடுற மாதிரி இருக்கு" என்றாள். மெயின்லேண்டிலிருந்து பெரிய கெப்பாசிட்டர் ஒன்றை வரவழைத்தாள். எங்கள் தீவுக்கு வெங்காயம் கப்பலில் வரும். இது விமானத்தில் வந்தது. பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் பற்றவைத்தாள். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்கள் இரண்டாவது மாடிக்கு பேஸ் வந்து சேர்ந்தது.

அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் முதலில் கிணுகிணுத்தன. பிறகு தரை மெல்ல உறுமியது. சுனாமியைப் பார்த்த ஊரில் இதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, மகளின் அறைக்கதவை இரண்டு கையாலும் இடித்தேன்.

கதவு திறந்தது. "டெஸ்ட் டோன்மா. சூப்பரா இருக்குல்ல?"

"ரொம்ப சூப்பர். உயிர்தான் கொஞ்சம் போயிட்டு வந்துச்சு."

கீழ்வீட்டு பெங்காலி அம்மாள் அதற்குள் முற்றத்தில் நின்றிருந்தார். "தீதி, பூகம்ப் ஆயா க்யா?" பூகம்பமா என்று கேட்டார்.

"நஹீ ஆன்ட்டி, ஸ்பீக்கர் ஹை" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள் என் விஞ்ஞானி.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள். சில நாட்களில் டம்ளர் கிணுகிணுத்தால் யாரும் தலைகூட நிமிர்த்துவதில்லை. எனக்கு மட்டும் அதுவே பயமாக இருந்தது.

"நெஜமாவே வந்தா எப்படிடி தெரியும்?"

"என்னோடது தாளத்தோட ஆடும்மா. அது தாளம் இல்லாம ஆடும்."

"லாஜிக் இருக்கு" என்றார் என் கணவர். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் லாஜிக் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"சத்தத்தைக் குறைடி" என்றேன்.

கணவர் மொபைலிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொஞ்சம் கம்மி பண்ணும்மா" என்றார்.

கீழேயிருந்து ஆன்ட்டியின் குரல்: "பேட்டா, ஆவாஜ் கம் கரோ."

நில அதிர்விடம் இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். அது குறைக்கவில்லை.

மகள் பால்கனியிலிருந்து ஈரத்துண்டோடு வந்தாள். "நான் போடவே இல்லையேம்மா."

மூவரும் மேலே பார்த்தோம். நின்றிருந்த மின்விசிறி ஊசலாடிக்கொண்டிருந்தது. தாளம் இருந்ததா என்று கவனிக்க நேரமில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டி அவரையும் வெளியே கூட்டி வர வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டேதான் திறந்தார், எங்கள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. முற்றத்துக்கு வருவதற்குள் அதிர்வும் நின்றுவிட்டது. சின்னதுதான். ஒரு சுவர்கூட விரிசல் விடவில்லை. பெரியதாக இருந்திருந்தாலும் நாங்கள் அதே இடத்தில் உட்கார்ந்து, அதே வார்த்தைகளைச் சொல்லியிருப்போம்.

மாடிக்குத் திரும்பியதும், மகள் தானாகவே சால்டரிங் அயர்னைச் சூடாக்கினாள். பெரிய கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டுச் சின்னதை வைத்தாள். அதன் கம்பிக் கால்களில் ஈயம் உட்காரவில்லை. வழுக்கி வழுக்கி ஓடியது. போர்டை என்னிடம் நீட்டினாள்.

"ஆடாம பிடிம்மா."

ஆடாமல்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆடியது அயர்ன் முனை.