அப்பாவும் நானும் கைவிடப்பட்ட நாள்

இயேசு கிறிஸ்துவின் இரண்டாம் வருகை, நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய வெள்ளி சாயங்காலம் அஸ்தினாபுரத்தில் நடந்து முடிந்துவிட்டது என்று நான் நம்பினேன். மொத்தம் அரைமணி நேரம்தான் நம்பினேன். ஆனால் முழுமனதோடு நம்பினேன். அதற்குப் பிறகு எதையும் அவ்வளவு விசுவாசத்தோடு நம்பியதில்லை.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அப்பாவின் பொறுமை. சாப்பாட்டுக்கு முன் அவர் ஜெபம் பண்ணி முடிப்பதற்குள் குழம்பு ஆறி ஆடை கட்டிவிடும். ஊழியக்காரர்கள், ஆட்சியாளர்கள், நோயாளிகள் என்று தொடங்கி, தெருவில் குழாய்த் தண்ணீர் வராத வீடுகள் வரை ஒவ்வொன்றாக வருவார். நான் ஒரு கண்ணைத் திறந்து அப்பளத்தைக் காவல் காப்பேன்.

ஆனால் அவருடைய உண்மையான பீடம் குரோம்பேட்டை ரயில்வே கேட்தான். கோயில் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். கேட் மூடியிருந்தால் ஊரே குனிந்து போகும். சைக்கிளைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு ஆபீஸ்காரர்கள் போவார்கள், கூடையோடு கீரைக்காரம்மா போவார், ஒருமுறை எங்கள் போதகரே அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போனார். அப்பா மட்டும் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி, கோயிலில் எழுந்து நின்று விசுவாசப்பிரமாணம் சொல்கிறவரைப் போல நிமிர்ந்து நிற்பார். கேட்டால் ஒரே பதில்தான்.

"மூடினவன் தெறக்கட்டும்."

பொறுமை என்றால் ஏதோ சாதுவான சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் அவரை அங்கே பார்த்திருக்க வேண்டும். அது ஒருவிதச் சண்டை. அவசரப்படுகிற மொத்த ஊரையும் எதிர்த்து ஒற்றை ஆள் போடுகிற சண்டை. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் மானம் போகும். என் வகுப்புப் பையன்கள் தண்டவாளத்தைத் தாண்டி நின்றுகொண்டு கத்துவார்கள்: "இன்னாடா, உங்கப்பா கேட் கீப்பரா?"

அந்தப் பெரிய வெள்ளிக்கு வருகிறேன். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை மும்மணி ஆராதனை. சிலுவையின் ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கிகள். மற்ற ஆறு பேரும் பேசவே போவதில்லை என்ற எண்ணத்தில் ஒவ்வொருவரும் பேசுவார்கள். அந்த வருஷம் சரியாகப் பதினொன்றரை மணிக்கு எனக்கு வயிற்றுவலி வந்தது. அம்மா நம்பவில்லை. அப்பா நம்பினார். என் வயிற்றில் கைவைத்து ஜெபித்தார், உண்மையிலேயே வலி வந்துவிடுமோ என்று நான் பயப்படும் அளவுக்கு. மூன்றரைக்கு வந்துவிடுவோம், படுத்திரு என்று சொல்லிவிட்டு அம்மாவையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு போனார்.

மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. நாலரைக்கு வாசலில் வந்து நின்றேன். தெரு வெறிச்சென்று கிடந்தது.

போன மாதம்தான் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து, எக்காளம் தொனிக்கும், ஒரே வீட்டில் சிலர் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், சிலர் கைவிடப்படுவார்கள் என்று மேஜையைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொய் வயிற்றுவலிக்காரர்கள் எந்தப் பட்டியலில் வருவார்கள் என்று அவர் விளக்கவில்லை. விளக்க வேண்டியதும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, மேல எதுனா சத்தம் கேட்டுச்சா?"

"காலீலருந்து பிளேன் போய்கினே கீது. இன்னாத்துக்கு கேக்கற? மூஞ்சி ஏன் பேஜாரா கீது?"

அவர் இந்து. அவர் கீரை ஆய்வதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எனக்கு உடனடியாக வேண்டியது ஒரு கிறிஸ்தவர். டீச்சரம்மா வீட்டுக்கு ஓடினேன். பூட்டு. அது எதிர்பார்த்ததுதான், அவர் ஞாயிறுபள்ளி நடத்துகிறவர், முதல் தவணையிலேயே போயிருப்பார். கடைசி நம்பிக்கையாகத் தெருக்கோடி மாமா வீட்டுக்கு ஓடினேன். மாமா ஞாயிற்றுக்கிழமை காலையில் சீட்டாடுகிறவர். மற்ற நாட்களில் சாயங்காலம் தள்ளாடுகிறவர். அவர் இருந்தால் வருகை நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லைதான். ஆனால் துணைக்கு ஒரு ஆளாவது கிடைக்கும்.

அங்கேயும் பூட்டு.

பெரிய வெள்ளிக்கு மாமாவும் கோயிலுக்குப் போவார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒன்றுக்கு வந்துவிடும்போல் இருந்தது. வீடு திரும்பும் வழியில் பயம் மெல்லக் கோபமாயிற்று. மாமாவையே எடுத்துக்கொண்டார்களா? அப்படியானால் என்னிடம் என்ன குறை?

ஈஸ்டருக்காக அம்மா சுட்ட அச்சுமுறுக்கு டின் அலமாரி மேல் இருந்தது. ஞாயிறு காலை ஆராதனை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. நாற்காலி போட்டு ஏறி அதை இறக்கினேன். அப்பாவின் சாய்வு நாற்காலியில், யாரையும் உட்காரவிடாத அந்த நாற்காலியில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, டின்னைத் திறந்துவைத்துக்கொண்டு மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "ஆண்டவரே, நீர் என்னை விட்டுட்டுப் போனீர். சரி. இனிமே நீரே வந்து கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன்."

கோபத்திலும் ஆண்டவரிடம் பேச எனக்கு வேதாகமத் தமிழ்தான் வந்தது. மூன்றாவது முறுக்கைக் கடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். ஆனாலும் கடிப்பதை நிறுத்தவில்லை.

அப்போது அப்பா வந்தார். தனியாக வந்தார். சைக்கிள் இல்லை, அம்மா இல்லை, தங்கை இல்லை. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நாய் இளைப்பதுபோல் இளைத்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மற்ற இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டு, இவரை மட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் டின்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வயிற்றில் கை வைத்தார்.

"வலி எப்பிடிப்பா இருக்கு?"

நான் டின்னை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"விடுங்கப்பா. போறவங்க போகட்டும். நாம ரெண்டு பேரும் இருந்துக்கலாம்."

என்ன புரிந்ததோ, காலையிலிருந்து உபவாசம் இருந்த மனிதர் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். கை கழுவ அவர் கொல்லைப்பக்கம் போனபோது, வெள்ளைச் சட்டையின் முதுகில் தோளிலிருந்து தோளுக்குக் கறுப்பாக ஒரு கிரீஸ் பட்டை தெரிந்தது. அம்மா வந்ததும் அவருக்கு நல்ல திட்டு விழும், அந்தச் சந்தடியில் டின் விஷயம் மறைந்துபோகும் என்று நினைத்தேன். நான் நினைத்தது அவ்வளவுதான்.

கால்மணி நேரம் கழித்து அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பின்சீட்டில் தங்கையை வைத்துக்கொண்டு வந்தார். அப்பா, நான் இரண்டு பேருக்குமே திட்டு விழுந்தது.

வருகை நடக்கவில்லை. கூட்ஸ் வண்டி ஒன்று கேட்டை மறித்துக்கொண்டு ஒருமணி நேரத்துக்குமேல் நின்றது. அது நகர்ந்த பிறகும், எக்ஸ்பிரஸ் வரவேண்டும் என்று கேட்டைத் திறக்கவில்லை. தெருக்கோடி மாமா கேட்டருகே டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தார். அப்பா, பிள்ளை வலியோடு தனியாகக் கிடக்கிறான் என்று சொல்லி, சைக்கிளை அம்மா கையில் கொடுத்துவிட்டு, கேட்டுக்குக் கீழே குனிந்து வந்தார்.