வி.ஆர். கண்ணாடியில் தெரியாத ஜெர்மனி

போன வருஷம் வைகாசி மாதம், நல்ல முகூர்த்தக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் இயங்கும் பயிற்சி மையத்தில் நான் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படிப்பவர்கள் எல்லோரும் நர்சிங் முடித்த பெண்கள். மொழித் தேர்வில் பாஸாகிவிட்டால் ஜெர்மனியில் ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ வேலை கிடைக்கும்.

இலக்கணத்தை எப்படியாவது மண்டையில் ஏற்றிவிடலாம். அந்த ஊர் ஜனங்கள் இன்றைக்கு எப்படி வாழ்கிறார்கள், எப்படிப் பழகுகிறார்கள் என்ற பாடம்தான் என் உயிரை வாங்கும். நானே ஜெர்மனிக்குப் போனதில்லை. இணையத்தில் தேடினால் அரண்மனை, தேவாலயம், பீர் திருவிழா, தோல் கால்சட்டை மாட்டிக்கொண்டு ஆடும் ஆண்கள். காலையில் எழுந்து வேலைக்குப் போகிற ஒரு சாதாரண மனுஷியைக் காட்டும் நல்ல வீடியோ ஏதாவது கண்ணில் பட்டால், ‘உங்கள் நாட்டில் இது திறக்காது’ என்று வரும். எத்தனையோ நாள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த லட்சணத்தில் எங்கள் மையத்தின் உரிமையாளர் நான்கு வி.ஆர். கண்ணாடிகளை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கண்ணில் மாட்டிக்கொண்டால் ஜெர்மனிக்குள்ளேயே நடப்பது போல இருக்குமாம்.

“மேடம், இனிமே யாரும் அங்க போய்ப் பாக்கத் தேவையில்ல. ஜெர்மனியே நம்ம மாடிக்கு வரப்போவுது. ஞாயித்துக்கிழமை எல்லாரோட அப்பா அம்மாவையும், புதுசா சேரப்போறவங்களையும் வரச் சொல்லிட்டேன்.”

“சார், ஞாயித்துக்கிழமை வேணாம். நெட்டு வராது” என்றேன். காரணம், எங்கள் வைஃபை கீழே இருக்கும் பட்டுக்கடையினுடையது. ஞாயிறானால் அவர்கள் புடவையை விரித்து வைத்துக்கொண்டு இணையத்தில் லைவ் விற்பனை செய்வார்கள். அவர்கள் லைவ் ஆரம்பித்துவிட்டால் மேலே எங்களுக்கு ஜெர்மனி ஓர் அங்குலம் நகராது. அவர் காதில் வாங்கினால்தானே!

சொன்னது போலவே ஆனது. கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்களின் வேன்கள் மாடிப்படியையே மறைத்துக்கொண்டு நின்றன. பெற்றோர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு வியர்த்து விறுவிறுத்து மேலே ஏறி வந்தார்கள். ஒரு கண்ணாடி, ‘அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுக் கடைசிவரை அப்டேட்டே ஆகிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் பட்டை ஒரு பெண்ணின் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தோடு சிக்கிக்கொண்டது. வேலை செய்த ஒன்றை மாட்டிக்கொண்ட பெண் ஏதோ ஒரு தேவாலயக் கோபுரத்தின் உச்சிக்குப் போய்க் கீழே பார்த்திருக்கிறாள். அங்கேயே படம் நின்றுவிட்டது. தலைசுற்றித் தரையில் உட்கார்ந்து குமட்ட ஆரம்பித்தாள். “ஐயோ, எம்பொண்ணுக்கு என்னா பண்ணீங்க?” என்று அவள் அம்மா கத்த, அந்தக் கோபுரத்தை நான்தான் கட்டினேன் என்பது போல உரிமையாளர் என்னை முறைத்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஓரிக்கைப் பக்கத்துக்காரர், சரக்கு ஆட்டோ ஓட்டுபவர். அவர் மகள்தான் என் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் பெண். இன்டர்வியூவில்கூடத் தேர்வாகிவிட்டாள். அப்பா வாயிலிருந்து சரி என்ற வார்த்தை வர வேண்டும், அது மட்டும்தான் பாக்கி. அதற்காக இரண்டு மாதமாக அவள் வீட்டில் போராடிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா டீச்சரு, நானும் போட்டுப் பாத்தேன். கோட்டையெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எம்பொண்ணு கோட்டையிலயா இருக்கப்போறா? அவ எங்க தூங்குவா, யாரோட வேலை செய்வா, அத்த காட்டும்மா.”

நியாயமான கேள்வி. எரிச்சலும் அவமானமுமாக வந்தது. அந்தக் கோபத்திலேயே என் போனை எடுத்து, இரண்டு வருஷத்துக்கு முன் என்னிடம் படித்துவிட்டு ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு வீடியோ காலில் அழைத்தேன். என் போன் நெட்டிலேயே, லேப்டாப் வழியாக வகுப்பில் இருக்கும் பெரிய டி.வி.யில் வரும்படி செய்தேன். முன்கூட்டி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

எடுத்தாள். டிராம் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறாளாம். கண்கள் வீங்கியிருந்தன. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

“வேலை செய்யற இடத்தைக் கொஞ்சம் காட்டும்மா” என்றேன்.

“உள்ள காட்ட முடியாது மேம். பேஷண்ட் யாராவது போன்ல தெரிஞ்சுட்டா வேலையே போயிடும்” என்று சொல்லி, கேமராவைத் திருப்பித் தெருவைக் காட்டினாள். ஒரு ஈ காக்கை இல்லை. “சண்டேன்னா எல்லாக் கடையும் மூடிடுவாங்க. பாலு கூட முந்தின நாளே வாங்கி வச்சுக்கணும்.”

“ஏம்மா, அழுதியா?” என்று கேட்டார் அந்த அப்பா. எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

அவள் கேமராவை மறுபடி தன் பக்கம் திருப்பினாள். பிறகு சொன்னாள். “நான் பாத்துக்கினு இருந்த ஒரு வயசான அம்மா இன்னிக்கு விடிகாலையில செத்துட்டாங்கப்பா. கடைசி வரைக்கும் என் பேரு அவங்க வாயில வரல, தினமும் ஒரு பேரு வச்சுக் கூப்புடுவாங்க.”

“மேடம், கட் பண்ணுங்க” என்று உரிமையாளர் என் காதருகே வந்து பல்லைக் கடித்தார். “அட்மிஷனுக்குக் கூப்ட்டா சாவுச் சேதி காட்டறீங்க!”

நான் கட் பண்ணவில்லை. லேப்டாப்புக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ!

“உயிரு போனதும் கூட வேலை செய்யற அக்கா மொதல்ல போய் ஜன்னலைத் தொறந்தாங்க. குளுருதேன்னு நான் மூடப் போனேன். மூடாத, அவங்க வெளிய போறதுக்கு வழி வுடணும்னு என் கையைப் புடிச்சிக்கினாங்க. இங்க அது வழக்கமாம்.”

கீழேயிருந்து, “சிஸ்டர்ஸ், இந்தக் கலர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது” என்று லைவ் பெண்ணின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் ஜெர்மன் கலாச்சாரம் என்று நான் திரட்டி வைத்திருந்த எந்த வீடியோவிலும் அந்த ஜன்னல் இல்லை.

“நீ அழுவும்போது யார்னா கூட இருந்தாங்களா?” என்று மறுபடி அவர் கேட்டார்.

“அந்த அக்காதாம்பா. அவங்களும் வேத்து நாடுதான், போலந்து. காபி போட்டுக் குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்துக்கினாங்க. ஒண்ணுமே பேசல. இங்க யாரும் அதிகம் பேச மாட்டாங்க. ஆனா மத்தியானம் ஒரு மணிக்கு சூப் எடுத்துக்கினு வூட்டுக்கு வரேன்னு சொல்லியிருக்காங்க. சொன்னா சரியா ஒரு மணிக்கு வந்து நிப்பாங்க.”

“இப்ப எதுனா சாப்ட்டியா?”

“இல்லப்பா” என்றவள், அதற்கு மேல் முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிராம் வந்துவிட்டது. அழைப்பு நின்றது.

அவர் மகள் பக்கம் திரும்பினார். “பயமா இருக்குதா?”

“இருக்குதுப்பா. ஆனா போவணும்.”

“அப்ப போ.”

அவ்வளவுதான். ஒன்றும் நடக்காதது போலப் படியிறங்கிப் போய்விட்டார்.

தலைசுற்றிய பெண்ணின் அம்மா மட்டும் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் அப்புறம் வகுப்புக்கே வரவில்லை. அது இன்னும் எனக்கு வருத்தம்தான். உரிமையாளர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசியபோதும், “அந்தக் கண்ணாடியை அடுத்த சண்டே ஒழுங்கா ஓட்டிக் காட்டுங்க” என்றுதான் ஆரம்பித்தார். ஓரிக்கைப் பெண் மழைக்காலம் முடிந்ததும் விமானம் ஏறினாள். நன்றாக இருக்கிறாள். அழுத நாட்களும் உண்டு என்று மறைக்காமல் சொல்கிறாள்.

நான் இப்போதும் பாடத்துக்காக இணையத்தில் தேடிக்கொண்டும், திறக்காத வீடியோக்களைத் திட்டிக்கொண்டும்தான் இருக்கிறேன். ஆனால் ஒரு நாட்டை அடுத்தவர் வீட்டுப் பெண்ணுக்குக் காட்டுவதென்றால், அங்கே அவள் உடைந்து போகும் நாளில் பக்கத்தில் யார் வந்து உட்காருவார்கள் என்பதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று அன்றைக்கு அந்த மனிதர் கேட்ட கேள்விகள் எனக்குப் புரிய வைத்துவிட்டன.