முன்பக்க முடிச்சு

பொம்மைப் படம் பார்த்து அழுகிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. தலையில் வழுக்கையே விழுந்துவிட்டது. ஆனாலும் நேற்று மகள் போட்டுக்காட்டிய குட்டிப் படத்தில், பிழைக்கப் போன நாட்டில் ஒரு பையன் செத்துப்போன தன் அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோது தேம்பிவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில், அப்பாவை ரங்கூன் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, நானும் அம்மாவும் கப்பலும் ரயிலுமாகத் திருச்சிக்கு வந்தோம். அவர் கட்டிய லுங்கி ஒன்றுதான் எனக்கு மிச்சம். அவரைப் போலவே பர்மாப் பாணியில் வயிற்றுக்கு நேரே முடிச்சுப் போட்டுக்கொண்டு பாலக்கரைத் தெருக்குழாய்க்குப் போனேன்.

"என்னடா பர்மாக்காரா, பொம்பள மாதிரி கொசுவம் வச்சிருக்க?" என்று சைக்கிள் கடை சேகர் முடிச்சைப் பிடித்து இழுத்தான். துணி கிழிந்த சத்தம் கேட்டதும் அவன் காதைக் கவ்வினேன். அவன் பித்தளைக் குடத்தால் என் வாயில் இடித்தான். பல் தெறித்தது. குழாயடிச் சேற்றில் ரத்தம் கலக்க, அம்மணமாக அவன் மார்மேல் உட்கார்ந்து, நாலு பேர் பிய்த்தெடுக்கும்வரை குத்தினேன். கிழிந்த லுங்கியை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

இதை மகளிடம் சொல்லி முடித்தபோது, பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்கப்பாவுக்கே அந்த முடிச்சு நிக்காதுடா. ரங்கூன் ரோட்டுல ஒரு கையால அதப் பிடிச்சுக்கிட்டேதான் நடப்பாரு."