ஜார்கிராம் காட்டில் உட்காராமல் நடந்த நாள்

கல்யாணப் பேச்சு என்றால் வீட்டுக்கு வருவார்கள், சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிடுவார்கள், ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்கள். என் மகள் விரும்பிய பையனின் அப்பா என்னைக் காட்டுக்குக் கூப்பிட்டார். "ஒரு நாள் முழுக்கச் சேர்ந்து நடப்போம், தாதா. கூட நடந்தால் ஆளைத் தெரிந்துவிடும்" என்று வங்க மொழியில் சொன்னார். தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். எனக்கு ஆளைத் தெரிந்துகொள்ள நாற்காலியே போதும்.

என் மகளும் அவர் மகனும் ஜாதவ்பூரில் சேர்ந்து படித்தவர்கள். வீடும் ஒரே நகரத்தில்தான், எங்களுக்கு லேக் கார்டன்ஸ், அவர்களுக்கு பெஹாலா. மகள் சண்டை போடவில்லை. "நீங்க வேணாம்னா பண்ணிக்க மாட்டேன்ப்பா. ஆனா வேற யாரையும் பார்க்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குச் சண்டையே போட்டிருக்கலாம். முட்டைகூடத் தொடாத பெண் மூன்று வேளையும் மீன் சமைக்கிற வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவாள் என்பதுதான் என் கவலை. சரி என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது என் மனைவி வாசலில் நிறுத்தினாள். அவள் திருநெல்வேலிக்காரி. "நாம பொண்ணு வீடு. அவுக உக்காராம நீங்க முந்தி உக்காந்துராதீங்க. நடக்குதோ நடக்கலியோ, மரியாத மரியாததான்" என்றாள்.

ஹவுராவில் விடிகாலை ரயில். ஜார்கிராமில் இறங்கி ஊரைத் தாண்டியதும் சால் மரக் காடு தொடங்கியது. மாசி மாதம். பழுத்த இலைகள் செம்மண் பாதையை மூடிக் கிடந்தன. கால் வைத்த இடமெல்லாம் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அவர் முன்னால், நான் பின்னால். அவர் கழுத்தில் ஒரு மஃப்ளர். வெயில் ஏறி எனக்கு வியர்த்து ஊற்றியபோதும் அதை அவர் கழற்றவில்லை.

காட்டுக்கு அப்பால் அறுத்த வயல்கள், பிறகு சுவரில் பூ வரைந்த மண்வீடுகள். ஒரு டீக்கடையில் நல்ல அகல பெஞ்சு காலியாகக் கிடந்தது. அவர் பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானும் பெஞ்சைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். இருவரும் நின்றபடியே டீ குடித்தோம். டுலுங் ஆற்றங்கரையில் பொரியும் வெங்காய பஜ்ஜியும் சாப்பிட்டோம், அதுவும் நின்றபடியே. "நடக்கலாமா?" என்பார். "நடக்கலாமே" என்பேன். மனுஷனா இவர், மாடா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். பென்ஷன், ரத்த அழுத்தம், மெட்ரோ வேலையின் லட்சணம் என்று எல்லாம் பேசினோம். பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் ஆரம்பிக்கட்டும் என்று நான் இருந்தேன்.

ஆற்றைக் கடந்து மறுபடியும் காடு. புது ஷூ குதிகாலைத் தின்றுவிட்டது. ஓர் இடத்தில் முழங்கால் மடங்கியது. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது என்று வெட்டிப் போட்டிருந்த ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த கணம் அவரும் தொப்பென்று பக்கத்தில் விழுந்தார்.

"பிழைத்தேன், தாதா! டீக்கடையிலேயே எனக்குக் கால் போய்விட்டது. விருந்தாளி நிற்கும்போது நான் எப்படி உட்காருவது? தமிழர்கள் இப்படி நடப்பீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே!"

என் மனைவியின் உத்தரவைச் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, குனிந்தபடியே பேசினார். "எனக்கும் பயம்தான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து உங்கள் பெண் பசியோடு எழுந்துவிடுவாளோ என்று. என் மனைவி அவளுக்கென்று தனியாகப் பாத்திரங்கள் வாங்கி, சமையலறை அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து அடுக்கி வைத்திருக்கிறாள். நீங்கள் வேண்டாம் என்றால் என் மனைவியிடம் போய் எப்படிச் சொல்வேன் என்றுதான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன்."

நான் எழுந்து, கை கொடுத்து அவரையும் எழுப்பினேன். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நொண்டியபடி தார்ச்சாலைக்கு வந்து சேர்ந்தோம். அங்கேதான் சிக்னல் கிடைத்தது. உடனே மகளின் அழைப்பு.

"அப்பா, கீ ஹோலோ? என்ன ஆச்சு? என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். "இரு, உன் மாமனார் பக்கத்துலதான் நிக்காரு. அவருகிட்ட குடுக்கேன்."

போனை அவரிடம் நீட்டினேன்.