ஒன்று தள்ள, ஒன்று இழுக்க

ஸர்கா நகரில் கார்களுக்கு ஒலிக்கருவி பூட்டும் மிஜ்லாத்தை நல்லவன் என்று சொல்ல எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின. இன்னும் முழுமனதாகச் சொல்வதில்லை. 'முடியாது' என்ற சொல் அவன் வாயில் வராது. யார் கேட்டாலும் வாக்குக் கொடுப்பான். பிறகு அதைக் காப்பாற்றக் குறுக்குவழி தேடுவான். வாக்குத் தவறியதில்லை என்பது அவனுடைய ஒரே பெருமை.

நாயிஃப் தன் கல்யாணத்துக்காகக் கார் டிக்கியில் இடிபோல் முழங்கும் சப்வூபர் ஒலிபெருக்கி இரண்டு வைக்கச் சொன்னான்.

"பொண்ணு வீட்டுத் தெருவுல ஜன்னல் கண்ணாடி அதிரணும்ணே."

கொடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டான். கேட்டது கிடைக்கும்வரை குடிக்கமாட்டேன் என்று பொருள்.

"அதிரும், குடி," என்றான் மிஜ்லாத்.

மறுநாள் பெண்ணின் தகப்பனார் அபூ மைசூன் வந்தார். அவரும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பக்கத்து வீட்டு டீச்சரம்மா புருஷன் போய் இருபது நாள்தான் ஆச்சு. பாட்டு இருக்கட்டும். அந்த இடி மட்டும் அவங்க வாசல்ல வேண்டாம்."

"மாப்பிள்ளைகிட்டயே சொல்லலாமே?"

"பொண்ணைக் கொடுக்கறதுக்கு முன்னாடியே கெஞ்சச் சொல்றியா? காப்பி ஆறுது."

"குடிங்க மாமா."

அவர் போனதும், கடையில் கூட இருந்த நான் கேட்டேன்: "ரெண்டு பேருக்கும் எப்படிடா?"

"தெரு முனையில அதிர விடுவேன். அப்புறம் ஒரு சப்வூபர்ல மட்டும் பிளஸ், மைனஸ் வயரை மாத்திடுவேன். இது காத்தைத் தள்ளும்போது அது இழுக்கும். ரெண்டும் துடிக்கும், இடி கேக்காது."

இதை நேர்மை என்பதா, சாமர்த்தியம் என்பதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் நாயிஃபின் கார்தான் முதலில் போனது. ஆம்ப்ளிஃபயர் சூடாகும், பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி மிஜ்லாத் பின்னால் திறந்த டிக்கியில் ஏறிக்கொண்டான். என்னையும் மறைப்புக்கு உட்கார வைத்தான். தெரு முனையில் கண்ணாடிகள் அதிர்ந்தன. அடுத்த நிமிடம் ஸ்க்ரூடிரைவர் சுழன்றது, இடி அடங்கியது.

நாயிஃப் பெண் வீட்டருகே வண்டியை நிறுத்தி ஓடிவந்தான்.

"என்னண்ணே, செத்துப்போச்சா?"

"தொட்டுப் பாரு."

தொட்டான். விரல் நடுங்கியது.

"துடிக்குது. ஏன் கேக்கல?"

"பொண்ணெடுக்கப் போறவனுக்குக் காது அடைக்கும். எல்லா மாப்பிள்ளைக்கும் உள்ளதுதான்."

அப்போது பக்கத்து வீட்டு மாடியில் ஜன்னல் திறந்தது. கறுப்பு உடையில் டீச்சரம்மா.

"டேய் நாயிஃப், கல்யாண வண்டியா, கொசுக் கூட்டமா?"

நாயிஃப் தலை குனிந்தான்.

"அவர் இருந்திருந்தா உன் சத்தத்துக்குக் கல்லெடுத்து அடிச்சிருப்பார். இப்ப எறிய ஆளில்ல. எங்க வீட்டுச் சாவால அந்தப் பொண்ணு ஊமையாப் போக வேண்டாம். நல்லாப் போடு."

எல்லார் கண்ணும் டிக்கியின் மேல். மறைக்க நான் போதவில்லை. மிஜ்லாத் அவர்கள் முன்னாலேயே திருகாணியைத் தளர்த்தி வயரை மாற்றினான்.

"நீங்கதானா?" என்றான் நாயிஃப்.

"ரெண்டும் ஒழுங்காத்தான் உழைச்சுது, எதிரெதிரா. நாளையிலேருந்து உனக்கே புரியும்."

இடி தெருவை நிறைத்தது. பெண் வீட்டுக் கதவு திறந்து அபூ மைசூன் வந்தார். மாடியில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. முகம் சிவக்க மிஜ்லாத்திடம் ஏதோ கேட்டார். மிஜ்லாத் ஸ்க்ரூடிரைவரால் ஜன்னலைக் காட்டிக் காட்டி விளக்கினான். அவன் வாக்கு உடையவில்லை என்பதற்கு நானே சாட்சி, நானும் கத்தினேன். அவன் பூட்டிய சப்வூபர்களைத் தாண்டி ஒரு சொல்லும் அவரைச் சேரவில்லை.